எட்டயபுரத்துப் புலவர் பாடிய மணம்

கோவில்பட்டியிலிருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் சென்றால் எட்டயபுரம் வரும். வானம் பார்த்த கரிசல் பூமியின் நடுவே அமைந்த சிற்றூர் அது. தமிழுலகம் இதனை மகாகவி பாரதியார் பிறந்த ஊராகப் போற்றுகிறது. தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு இது சீறாப்புராணம் தந்த உமறுப்புலவர் அடங்கியுள்ள ஊருமாகும். ஏறத்தாழ இருநூறு ஆண்டு இடைவெளியில் வாழ்ந்த இவ்விருவரும் ஒரே பொருளைத் தொட்டு எழுதியுள்ளனர் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. கணவனை இழந்த பெண்ணின் மறுமணமே அப்பொருள்.

உமறுப்புலவர் அதனைப் பெருவிழாவாகப் பாடினார். பாரதியார் அதனைப் போராட்டமாக எழுதினார். ஒருவருக்கு விழாவாக இருந்தது மற்றவருக்கு ஏன் போராட்டமாயிற்று? இவ்வினாவுக்குரிய விடை இன்றைய நம் இல்லங்களோடும் தொடர்புடையது. ஆகவே அவ்வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

காவியத்தில் ஒரு திருமணம்

உமறுப்புலவர் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். எட்டயபுரம் அரண்மனைப் புலவரான கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றார். வள்ளல் சீதக்காதியின் ஆதரவில் தொடங்கி, பின்னர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவில் தொடர்ந்த பெருங்காப்பியமே சீறாப்புராணம். விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என மூன்று காண்டங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்டது.

அதன் முதற்காண்டத்தில் அன்னை கதீஜா (ரலி) அவர்களுக்கும் அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கும் நடந்த திருமணம் பல படலங்களாக விரிகிறது. கதீஜா நாயகியார் கனவு காண்பது ஒரு படலம். மணம் பேசுவது ஒரு படலம். மணம்புரிவது ஒரு படலம். நகர் அலங்காரம், மணமகனின் பவனி என்று தமிழ்க் காவிய மரபில் தலைமகளின் திருமணத்துக்கு உரிய சிறப்புகள் அனைத்தையும் புலவர் இம்மணத்துக்கு வழங்கியிருக்கிறார்.

அந்த மணமகள் யார்? அபூ ஹாலா, அதீக் ஆகிய இருவரை முன்னரே மணந்திருந்தவர். பிள்ளைகளைப் பெற்றவர். மக்காவில் வணிகம் நடத்திய செல்வச் சீமாட்டி. மணமகனுக்கு வயது 25. மணமகளுக்கு வயது 40 என்பது பரவலாக அறியப்பட்ட அறிவிப்பு. மணப்பேச்சை முதலில் எடுத்தவரும் அன்னையாரே. நஃபீஸா என்னும் தம் தோழியை அனுப்பி, நாயகத்தின் உள்ளக் கருத்தை அறிந்துவரச் செய்தார்கள்.

நம் நாயகத்தின் முதல் திருமணமே மறுமணம் புரிந்துகொண்ட ஒரு பெண்மணியுடன் நடந்தது. கரிசல் மண்ணின் புலவர் அதனை மறைக்கவேண்டிய செய்தியாகக் கருதவில்லை. காவியத்தின் மணிமுடியாக வைத்துப் பாடினார்.

இழந்தவரை மறப்பதா?

கால் நூற்றாண்டு நீடித்தது அந்த இல்லறம். நபித்துவத்தின் பத்தாம் ஆண்டில், கி.பி. 619 அளவில், அன்னை கதீஜா (ரலி) மறைந்தார்கள். பெரிய தந்தையார் அபூதாலிபும் அதே காலத்தில் மறைந்ததால் அவ்வாண்டு துயர ஆண்டு என்றே வரலாற்றில் பெயர் பெற்றது. ஐம்பது வயதை எட்டிய நபி (ஸல்) அவர்கள் பெண்மக்களுடன் தனித்திருந்தார்கள்.

அந்நிலையில் கவ்லா பின்த் ஹகீம் (ரலி) என்னும் பெண்மணி அண்ணலாரிடம் வந்து மறுமணம் குறித்துப் பேசினார்கள். அவர்கள் குறிப்பிட்டவர்களுள் ஒருவர் சவ்தா பின்த் ஸம்ஆ (ரலி). கணவர் சக்ரானுடன் அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் சென்றவர். பின்னர் கணவரை இழந்து நின்றவர். துணையை இழந்த இருவரும் இணைந்தனர். தாயற்ற வீட்டுக்கு மீண்டும் ஓர் இல்லத்தரசி கிடைத்தார்.

இங்கே கவனிக்கத்தக்கது கவ்லா (ரலி) அவர்களின் செயல். துக்கத்தில் இருப்பவர் தாமாக வாய் திறக்கட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. ஆறுதல் கூறிவிட்டு ஒதுங்கிக்கொள்ளவும் இல்லை. உரிமையோடும் மரியாதையோடும் முன்வந்து பேசினார்கள்.

மறுமணம் செய்துகொண்டதால் அண்ணலார் அன்னை கதீஜாவை மறந்துவிட்டார்களா? ஆடு அறுக்கப்படும்போது அதன் இறைச்சியில் ஒரு பங்கைக் கதீஜாவின் தோழியருக்கு அனுப்பிவைப்பார்கள் என்று ஸஹீஹ் புகாரியில் காண்கிறோம். கதீஜாவின் சகோதரி ஹாலா வாசலில் நின்று அனுமதி கேட்டபோது, அக்குரலில் கதீஜாவின் நினைவு எழுந்து நாயகம் நெகிழ்ந்தார்கள். பத்ருப் போருக்குப் பின் கைதியாயிருந்த மருமகன் அபுல் ஆஸை மீட்க மகள் ஸைனப் (ரலி) அனுப்பிய கழுத்தணி, ஒருகாலத்தில் தாய் கதீஜா மகளுக்கு அணிவித்தது. அதனைக் கண்டு அவர்கள் உள்ளம் உருகிய செய்தியும் ஸீரா நூல்களில் உள்ளது.

மறைந்தவர் மீது கொண்ட அன்பும் புதிய துணைமீது கொள்ளும் அன்பும் ஒன்றையொன்று வெளியேற்றுவதில்லை. மறுமணத்தைத் துரோகமென்று எண்ணித் தயங்குவோருக்கு இதனினும் சிறந்த விடை வேண்டியதில்லை.

பிள்ளைகளின் பெயரால்

நம் குடும்பங்களில் மறுமணத்துக்கு எதிராக அடிக்கடி எடுத்துவைக்கப்படும் காரணம் பிள்ளைகள். “பிள்ளைகளுக்காக வாழ்ந்துவிடு” என்று இளம் விதவையிடம் சொல்கிறோம். இதே தயக்கம் அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களுக்கும் இருந்தது.

அவர்களின் கணவர் அபூஸலமா (ரலி) உஹதுப் போரில் பெற்ற காயத்தால் ஹிஜ்ரி 4ஆம் ஆண்டில் மறைந்தார். துன்பம் நேரும்போது அதற்குரிய நற்கூலியையும், இழந்ததைவிடச் சிறந்த ஒன்றையும் இறைவனிடம் வேண்டும் துஆவை நபி (ஸல்) கற்பித்திருந்தார்கள். அபூஸலமாவைவிடச் சிறந்தவர் யாரிருக்க முடியும் என்று எண்ணியவாறே உம்மு ஸலமா அந்த துஆவை ஓதினார்கள். இத்தா முடிந்தபின் வந்த மணப்பேச்சுகளை ஏற்கவில்லை. நாயகமே மணம் பேசி அனுப்பியபோதும் மூன்று தயக்கங்களைத் திறந்து சொன்னார்கள். தாம் ரோஷ குணம் உடையவர், வயது கடந்தவர், பிள்ளைகள் உடையவர் என்பவை அவை.

நபி (ஸல்) அவர்கள் எந்தத் தயக்கத்தையும் இகழவில்லை, ஒவ்வொன்றுக்கும் விடையளித்தார்கள். அக்குணம் நீங்க அல்லாஹ்விடம் வேண்டுவதாகக் கூறினார்கள். வயதில் தாம் அவரினும் மூத்தவர் என்றார்கள். பிள்ளைகளின் பொறுப்பைத் தாமே ஏற்றார்கள்.

அப்பொறுப்பு எவ்வாறு நிறைவேறியது என்பதற்கு நம் ஒவ்வொரு வீட்டுச் சாப்பாட்டு விரிப்பும் சாட்சி. பிஸ்மில்லாஹ் சொல்லி, வலக்கையால், தட்டில் தனக்கு அருகிலுள்ளதை உண்ண வேண்டும் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோம். அந்த நபிமொழி எந்தச் சிறுவனிடம் கூறப்பட்டது? உம்மு ஸலமாவின் முதற்கணவருக்குப் பிறந்த மகன் உமர் இப்னு அபீஸலமாவிடம். மணவழியில் வந்த பிள்ளையை ஒரே தட்டில் உட்காரவைத்து, அன்போடு திருத்தி வளர்த்த காட்சியே அந்த ஹதீஸ்.

மற்றொன்றும் உண்டு. நாயகத்தின் திருமேனி வருணனை இமாம் திர்மிதீயின் ஷமாயில் நூலில் இடம்பெற்றுள்ளது. அதனை விரிவாக எடுத்துரைப்பவருள் ஒருவர் ஹிந்த் இப்னு அபீஹாலா. அன்னை கதீஜாவின் முன்கணவருக்குப் பிறந்தவர். பேரர் ஹசன் (ரலி) அவரைத் தம் தாய்மாமன் என்றே குறிப்பிடுகிறார். தாயின் மறுமணத்தால் பிள்ளைகள் அநாதையாகிவிடுவர் என்ற அச்சம் நபியின் இல்லத்தில் பொய்த்துப் போயிற்று. அப்பிள்ளைகளுக்கு ஒரு தந்தை கிடைத்தார். ஆகவே நாம் கேட்கவேண்டிய கேள்வி, தாய் மணம் புரியலாமா என்பதன்று. மணக்க வருபவர் பிள்ளைகளையும் சேர்த்து ஏற்கும் பண்புடையவரா என்பதே.

மார்க்கம் வகுத்த அளவு

துக்கத்துக்கும் மார்க்கம் அளவு வகுத்திருக்கிறது. கணவனை இழந்தவளின் இத்தா நான்கு மாதம் பத்து நாட்கள் (திருக்குர்ஆன் 2:234). கருவுற்றிருந்தால் பிரசவம் வரை (65:4). அலங்காரம் துறந்திருப்பதும் இக்காலத்துக்கு மட்டுமே. நம் ஊர்களில் வாழ்நாள் முழுவதும் வெள்ளைச் சேலை உடுத்தி, நல்ல காரியங்களில் பின்வரிசையில் அமரும் வழக்கத்துக்கு மார்க்கத்தில் இடமில்லை.

இத்தா காலத்திலேயே மணவிருப்பத்தைச் சாடையாகத் தெரிவிப்பதில் குற்றமில்லை என்றும், காலம் நிறைவுறும்வரை மண ஒப்பந்தத்தை உறுதிசெய்யக் கூடாது என்றும் அடுத்த வசனம் (2:235) கூறுகிறது. துக்கத்தை மதிக்கவும் வேண்டும், எதிர்காலத்தை அடைத்துவிடவும் கூடாது என்னும் நடுநிலை இதில் விளங்குகிறது.

துணையற்றவர்களுக்கு மணமுடித்து வைக்குமாறு பணிக்கும் வசனம் (24:32) சமுதாயம் முழுவதையும் நோக்கியது. அதில் வரும் ‘அயாமா’ என்ற சொல் மணமாகாதோர், துணையை இழந்தோர் ஆகிய ஆண் பெண் அனைவரையும் குறிக்கும். ஆகவே இது தனிமனிதர் வெட்கத்தோடு சுமக்கவேண்டிய விருப்பமன்று. குடும்பமும் ஜமாஅத்தும் ஏற்கவேண்டிய கடமை.

உமர் (ரலி) அவர்கள் இக்கடமையை எவ்வாறு உணர்ந்தார்கள் என்பதைப் பாருங்கள். மகள் ஹஃப்ஸா (ரலி) கணவரை இழந்தபோது, மகளுக்கு ஏற்ற துணையைத் தேடித் தாமே புறப்பட்டார்கள். முதலில் உஸ்மான் (ரலி) அவர்களிடமும், பின்னர் அபூபக்ர் (ரலி) அவர்களிடமும் நேரில் சென்று பேசினார்கள். இறுதியில் அண்ணலாரே ஹஃப்ஸாவை மணந்தார்கள். மகளுக்காக வாய் திறப்பதை அந்தத் தந்தை கௌரவக் குறைவாக எண்ணவில்லை.

அதேவேளை, பெண்ணின் சம்மதமின்றி எதுவும் கூடாது. முன்பு மணமாகியிருந்த கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களை அவர் விருப்பத்துக்கு மாறாகத் தந்தை மணமுடித்து வைத்தார். கன்ஸா நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். அந்த நிகாஹ் செல்லாது என அறிவிக்கப்பட்டது. மறுமணம் வேண்டாம் என்று ஒரு பெண் மனமார முடிவெடுத்தால் அதுவும் அவளது உரிமை. பிறர் வாயடைத்ததனால் வேண்டாமென்பது வேறு; தானே தேர்ந்து வேண்டாமென்பது வேறு.

கரிசலில் நேர்ந்தது என்ன?

இத்தகைய மார்க்கத்தைப் பெற்ற நம்மிடம் மறுமணத்தைக் குறைவாக நோக்கும் எண்ணம் எங்கிருந்து வந்தது?

கரிசல் சீமையில் உழைத்து வாழ்ந்த பல குடிகளிடையே மறுமணம் இயல்பாக நடந்துவந்தது. ‘அறுத்துக் கட்டுதல்’ என்பது அதற்கு ஊரார் வழங்கிய பெயர். கம்பும் சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரிக் காட்டில் களையெடுப்பு, அறுவடை, பருத்தியெடுப்பு என எவ்வேலையும் ஒற்றை ஆளால் முடிவதில்லை. வாழ்க்கைக்குத் துணை வேண்டும் என்பதை அந்த மண் தத்துவமாக அன்றி அன்றாடத் தேவையாகவே அறிந்திருந்தது.

ஆனால் சமூகப் படிநிலையில் உயர்ந்தோர் எனக் கருதப்பட்டவர்களிடம் விதவை மறுமணம் தடைசெய்யப்பட்டிருந்தது. உயர விரும்பிய குடிகளும் அத்தடையை மேற்கொண்டன. மேல்நிலையாரின் வழக்கங்களைப் பின்பற்றி மதிப்பு தேடும் இப்போக்கைச் சமூகவியல் அறிஞர் எம்.என். சீனிவாஸ் விரிவாக ஆராய்ந்துள்ளார். ‘அறுத்துக் கட்டுகிறவர்கள்’ என்பதே இழிவாகச் சொல்லப்படும் நிலை உண்டாயிற்று.

முஸ்லிம்களும் இக்காற்றிலிருந்து தப்பவில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட இந்திய மேட்டுக்குடி முஸ்லிம்களிடையே விதவை மறுமணம் அவமானமாகக் கருதப்பட்டது. ரேபரேலியைச் சேர்ந்த சையது அகமது ஷஹீத் அதனை எதிர்த்து, மறைந்த தம் அண்ணனின் மனைவியை மணந்து வழிகாட்டினார். நபிவழியை உயிர்ப்பித்தல் என்றே அச்செயல் போற்றப்பட்டது. ஓர் இயக்கம் தோன்றி மீட்கவேண்டிய அளவுக்கு அந்த நபிவழி மறைந்துபோயிருந்தது என்பதை நாம் உணரவேண்டும்.

இந்து சமூகத்தில் இப்போராட்டம் இன்னும் கடுமையாக இருந்தது. ஈஸ்வர சந்திர வித்யாசாகரின் முயற்சியால் 1856இல் விதவை மறுமணச் சட்டம் வந்தது. எனினும் மறுமணம் செய்யும் விதவை முன்கணவரின் சொத்தில் தனக்கிருந்த உரிமையை இழப்பாள் என அதன் 2ஆம் பிரிவு கூறியது. இஸ்லாமியப் பாகப்பிரிவினையில் அத்தகைய நிபந்தனை இல்லை. பிள்ளைகள் இருந்தால் எட்டில் ஒரு பங்கு, இல்லையெனில் நான்கில் ஒரு பங்கு (4:12) விதவைக்கு உரியது. மறுநாள் அவள் மறுமணம் புரிந்தாலும் அப்பங்கு அவளுடையதே. பெறாதிருந்த மஹரும் அவளுக்குச் சேரவேண்டிய கடன்.

1881இல் ராஜமுந்திரியில் வீரேசலிங்கம் பந்துலு விதவை மறுமணத்தை நடத்தினார். சுதேசமித்திரன் இதழைத் தோற்றுவித்த ஜி. சுப்பிரமணிய ஐயர், 1889இல் இளம் விதவையான தம் மகளுக்குப் பம்பாயில் மறுமணம் செய்வித்து, அதற்காக உறவினரால் ஒதுக்கப்பட்டார். அவ்விதழில் பணியாற்றிய எட்டயபுரத்துப் பாரதியார், பின்னாளில் ‘சந்திரிகையின் கதை’ என்ற நாவலில் இவ்விருவரையும் கதைமாந்தராகவே கொண்டுவந்தார். தாயை இழந்த குழந்தையை வளர்க்கும் விசாலாட்சி என்ற இளம் விதவை மறுமணத்தை நாடுவதே அதன் கதைப்போக்கு. 1921இல் பாரதியார் மறைந்ததால் அது முற்றுப்பெறவில்லை. பெரியார் 1909இலேயே தம் தங்கையின் மகளுக்கு மறுமணம் நடத்தினார். 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு மறுமண உரிமையை வலியுறுத்தியது.

பிற சமூகத்துச் சான்றோர் வசைகளைத் தாங்கிப் போராடிப் பெற்ற ஓர் உரிமை, நமக்கு ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே அருட்கொடையாக அளிக்கப்பட்டது. அவர்கள் உதற முயன்ற வழக்கத்தை நாம் கௌரவம் என்று எண்ணிப் பற்றிக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய முரண்!

இன்று நம் முன் உள்ளவை

கோவில்பட்டியைச் சுற்றி ஊரார் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்றழைக்கும் ஆலைகள் பல. கணவனை இழந்த பெண் அங்கோ, பிறிதோரிடத்திலோ உழைத்துப் பிள்ளைகளைக் கரைசேர்த்தால் அவளது தியாகத்தைப் புகழ்கிறோம். அப்புகழ்ச்சிக்குப் பின்னே, அவளிடம் மறுமணம் பற்றி ஒருவரும் ஒருமுறையேனும் கேட்டதில்லை என்ற உண்மை மறைந்துகிடக்கிறது. மனைவியை இழந்த ஆணுக்கோ விரைவிலேயே பெண் பார்க்கத் தொடங்குகிறோம். ஒரே இறைவனின் ஒரே சட்டத்தில் இந்த இரட்டை அளவுகோல் எங்கிருந்து வந்தது?

முதியோரின் நிலையும் எண்ணத்தக்கது. பிள்ளைகள் வளைகுடாவிலும் பெருநகரங்களிலும் வாழ, அறுபது வயதைக் கடந்த தந்தையோ தாயோ தனித்த வீட்டில் இருக்கிறார்கள். மாதந்தோறும் பணம் வருகிறது; நாள்தோறும் பேச ஆளில்லை. துணையிடம் மன அமைதி பெறுவதைத் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக அல்லாஹ் கூறுகிறான் (30:21). அந்த அமைதிக்கு வயது வரம்பு ஏதும் அவன் விதிக்கவில்லை. “இந்த வயதில் என்ன கல்யாணம்” என்னும் சொல் பெரும்பாலும் ஊரின் நகைப்புக்கும், சொத்துப் பங்கு குறையும் என்ற கணக்குக்கும் அஞ்சியே எழுகிறது. பங்குகளைக் குர்ஆன் வரையறுத்திருக்கிறது. பிள்ளைகளுக்கு உயிரோடு இருக்கும்போதே கொடுக்க விரும்புவதை நீதியோடு ஹிபாவாகக் கொடுக்கலாம். மஹரையும் இருப்பிடத்தையும் எழுத்தில் தெளிவாக்கலாம். தீர்வுள்ள சிக்கலைக் காட்டிப் பெற்றோரின் தனிமையை நீட்டிப்பது நியாயமாகாது.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியவையும் உண்டு. திருமணப் பதிவேட்டைப் பேணுவது போலவே, மஹல்லாவில் துணையை இழந்தோர் யார் யார் என்பதை அறிந்து, இத்தா நிறைவுற்றபின் நம்பிக்கைக்குரிய மூத்த பெண்கள் வழியே விருப்பத்தைக் கேட்டறியலாம். வருபவரின் முன்வாழ்வையும், பிள்ளைகளை ஏற்கும் மனத்தையும் விசாரித்துச் சொல்லலாம். நிகாஹை ஒளிவுமறைவின்றிப் பள்ளிவாசலில் நடத்தி வலீமா விருந்தும் அளிக்கலாம். இரவில் நாலுபேர் கூடி முடித்துவைக்கும் மறுமணம், தவறு செய்துவிட்டதான உணர்வையே மணமக்களிடம் விதைக்கும்.

அரசின் உதவியும் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் நினைவு விதவை மறுமண நிதியுதவித் திட்டம் 1975 முதல் நடைமுறையில் உள்ளது. நிதியுதவியோடு தாலிக்கான தங்கமும் வழங்கும் இத்திட்டம் எல்லா மதத்தவருக்கும் உரியது. வயது வரம்பும் விண்ணப்பிக்கக் கால வரம்பும் இருப்பதால், மணம் பேசி முடிவானதுமே மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விவரம் கேட்டுக்கொள்வது நன்று.

எட்டயபுரத்தில் உமறுப்புலவருக்கு மணிமண்டபம் எழுந்திருக்கிறது. அவ்வழியே செல்வோர் ஸியாரத் செய்து துஆ ஓதி வருகிறோம். அவர் பாடிய அன்னை கதீஜாவின் திருமணத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். கவ்லா (ரலி) அவர்களைப் போல முன்வந்து பேசும் ஒரு பெண்மணியும், உமர் (ரலி) அவர்களைப் போலக் கூச்சமின்றித் துணை தேடும் ஒரு தந்தையும் நம் ஒவ்வொரு மஹல்லாவிலும் இருந்தால் போதும்.

துணையை இழந்து தவிக்கும் நம் சகோதர சகோதரிகளுக்கு வல்ல அல்லாஹ் பொறுமையையும், இழந்ததற்கு ஈடான நன்மையையும் வழங்குவானாக! அவர்களுக்குத் தடையாக அன்றித் துணையாக நிற்கும் மனத்தை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.